வெஸ்லி சேப்பலில் ஒரு கராஜ்: வீட்டிலிருந்து கார் டீட்டெய்லிங் செய்தவருக்கு வந்த எச்.ஓ.ஏ. நோட்டீஸ்

நோட்டீஸில் மூன்று புகார்கள். குடியிருப்பு மனையில் தொழில் நடத்துவது, வாடிக்கையாளர் வண்டிகளைத் தெருவில் நிறுத்துவது, கார் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடுவது. ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் அபராதம் போடுவதாகக் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு முடிவெடுத்திருக்கிறது, மறுத்துப் பேச விரும்பினால் கமிட்டி முன் வரலாம் என்று கடைசி வரி. நோட்டீஸ் போனது புளோரிடாவில் டேம்பா நகருக்கு வடக்கே, பாஸ்கோ கவுண்டியின் வெஸ்லி சேப்பல் பகுதியில், கேட் போட்ட குடியிருப்பு ஒன்றில் சொந்த வீடு வைத்திருப்பவருக்கு. தன் கராஜில் கார் டீட்டெய்லிங் செய்து பிழைப்பவர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரே வீட்டில் இப்படியே நடந்த கதை இல்லை. இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் இதே தொழில் செய்த இரண்டு மூன்று பேருக்கு நேர்ந்ததை ஒரே ஆளாக, ஒரே கராஜாகச் சேர்த்து எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் வைக்கவில்லை. சட்ட விவரங்களை மட்டும் உள்ளபடியே வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட அபராதக் கமிட்டி ஒன்றில் நானும் உட்காருகிறவன் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததும் இதில் வரும்.

எச்.ஓ.ஏ. என்பது வீட்டு உரிமையாளர் சங்கம். நம்மூர் அப்பார்ட்மென்ட் அசோசியேஷனை நினைத்துக்கொண்டு படித்தால் தப்பாகப் போய்விடும். இதற்கு அதிகாரம் பல மடங்கு. கவுண்டிப் பதிவேட்டில் ஏறியிருக்கும் டிக்ளரேஷன் என்ற ஆவணத்துக்கு, வீடு வாங்கிய அன்றே நீங்கள் கட்டுப்பட்டவர். படித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு ஒட்டியது, வீட்டை விற்றால் வாங்கியவர் தலையில் ஏறும். அமெரிக்காவில் இப்படி ஏதோ ஒரு சங்கத்தின் கீழ் வாழ்கிறவர்கள் ஏழு கோடிக்கும் மேல்.

கராஜுக்குள் நடந்த தொழில்

இவர் முன்பு ஒரு கார் விற்பனையகத்தின் பின்கட்டில் வேலை பார்த்தவர். விற்பனைக்கு நிறுத்தும் பழைய கார்களை ஒரு நாளைக்கு ஐந்தாறு என்று துடைத்துத் தள்ளுகிற வேலை. அங்கே கற்ற கையோடு வெளியே வந்து தனியாகத் தொடங்கினார். எல்.எல்.சி. என்ற சிறு கம்பெனிப் பதிவுக்கு மாநிலத்துக்கு 125 டாலர். ஆண்டறிக்கைக்கு 138 டாலர் 75 சென்ட், மே 1-க்குள் கட்ட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் 400 டாலர் தண்டம். இந்தக் காகித வேலைகளையெல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தார். காகிதமே பார்க்காமல் இறங்கிய ஆள் என்று இவரை ஒதுக்க முடியாது.

டீட்டெய்லிங் என்பது சர்வீஸ் ஸ்டேஷன் வாட்டர் வாஷ் மாதிரி ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. கழுவிய பிறகு, பெயின்ட்டில் குத்திக்கொண்டிருக்கும் இரும்புத் துகளைக் கரைக்க ஒரு திரவம் தெளிப்பார்கள். வெள்ளைக் காரில் அது ஊதா நிறமாகக் கோடு கோடாக வழியும். அப்புறம் களிமண் போன்ற ஒரு கட்டியை வைத்து உடம்பு முழுக்கத் தேய்ப்பது. அதன்பின் பாலிஷர். கடைசியில், கேட்டால், செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் இறுகிப் படியும் காப்புப் பூச்சு. புளோரிடாவில் இந்தத் தொழிலுக்குத் தனிக் காரணங்களும் உண்டு. மே மாதமும் செப்டம்பரும் லவ்பக் என்ற கறுப்புப் பூச்சிகள் ஜோடி ஜோடியாக நெடுஞ்சாலையில் பறந்து காரின் முகப்பில் அப்பிக்கொள்ளும். வெயிலில் விட்டால் அந்தச் சாறு அமிலமாகி பெயின்ட்டைத் தின்னும். கிணற்றுத் தண்ணீர் ஸ்பிரிங்க்ளர் ஒரு பக்கம், தினமும் தெளித்துத் தெளித்துக் கதவில் உப்புக் கறை வைக்கும்.

கோட்டிங்குக்குத்தான் கராஜ் தேவை. தூசி படக்கூடாது, வெயில் படக்கூடாது, பூசிய பிறகு பல மணி நேரம் ஈரம் படவே கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்தியானம் ஆனால் இடி மழை கொட்டுகிற ஊரில் திறந்த டிரைவ்வேயில், அதாவது தெருவிலிருந்து கராஜுக்கு வரும் சொந்தப் பாதையில், கோட்டிங் செய்வது வீண் வேலை. காசும் அதில்தான். சாதாரணக் கழுவலும் உள்பக்கச் சுத்தமும் வயிற்றைக் கழுவும், கோட்டிங்தான் மாதத் தவணையைக் கட்டும். இவர் கராஜை அவ்வளவு விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். வாதத்தில் இதை ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

டிக்ளரேஷன் என்ன சொல்கிறது

"குடியிருப்பு நோக்கத்துக்கு மட்டும்" என்று ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும் டிக்ளரேஷன்கள் உண்டு. அவற்றில் வாதாட இடம் இருக்கிறது. புளோரிடாவில் இத்தகைய கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். சந்தேகம் வந்தால் உரிமையாளரின் சுதந்திரத்தின் பக்கம் சாயும். 2017-ல் முதல் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கடற்கரை வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விட்ட வழக்கில், தங்குகிறவர்கள் அங்கே குடியிருக்கத்தானே செய்கிறார்கள், அது தொழில் பயன்பாடு ஆகாது என்று உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இங்கே இருந்தது அந்த ஒற்றை வரி இல்லை. கடந்த சில பத்தாண்டுகளில் எழுதப்பட்ட டிக்ளரேஷன்களில் பரவலாகக் காணும் ஒரு பிரிவு. வீட்டுக்குள் தொழில் செய்துகொள்ளலாம் என்று முதலில் அனுமதிக்கிறது. ஆனால் அந்தத் தொழில் நடப்பது வெளியே பார்வைக்கோ காதுக்கோ மூக்குக்கோ தெரியக்கூடாது. வாடிக்கையாளர்கள் வாடிக்கையாக வந்து போகக்கூடாது. எந்த இடத்தில் எதை நடத்தலாம் என்று சொல்லும் அரசின் மண்டல விதிகளுக்கு ஒத்துப் போக வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாக இருக்கக்கூடாது. மென்பொருள் எழுதுகிறவர், வரிக்கணக்கு பார்க்கிறவர், ஜூமில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் இந்தப் பிரிவின் நிழலில்தான் சம்பாதிக்கிறோம். போர்டுக்குத் தொழில் மேல் கோபம் இல்லை. மனையின் எல்லையைத் தாண்டி வெளியே வருவதன் மேல்தான் கோபம்.

டீட்டெய்லிங்கோ மூன்று புலனிலும் தோற்கிறது. பார்வை: கோட்டிங் வேலை உள்ளேயே நடக்கலாம், ஆனால் கழுவுவது டிரைவ்வேயில். காது: பிரஷர் வாஷரின் மோட்டார், ஈர வாக்குவம், பாலிஷரின் இரைச்சல். மூக்கு: அந்த ஊதா நிறத் திரவம். இரும்பைக் கரைக்கும் அதன் வேதிப்பொருள் கந்தகம் கொண்டது, அழுகிய முட்டை வாடை அடிக்கும். காற்று திரும்பினால் பக்கத்து வீட்டு லானாய் வரை போகும். லானாய் என்றால் வலை போட்ட பின்கட்டு வராந்தா. மாலையில் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம்.

சரி, கராஜ் கதவை மூடிக்கொண்டு செய்யலாமே? பல குடியிருப்புகளில் ஆள் வந்து போகும் நேரம் தவிர கராஜ் கதவு மூடியிருக்க வேண்டும் என்றே விதி உண்டு. ஆகஸ்ட் மாதம் புளோரிடாவில் மூடிய கராஜுக்குள் நின்று பார்த்தவர்கள் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். ஆளே மயங்கி விழுவது ஒரு பக்கம். சூடான பெயின்ட்டில் கோட்டிங் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும், துடைத்து எடுக்க முடியாது, மறுபடி பாலிஷ் போட்டுத்தான் ஆக வேண்டும். கதவை ஓர் அடி தூக்கி வைத்து, பெரிய விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டார். ஓர் அடி திறந்த கதவும் திறந்த கதவுதான் என்று, சங்கத்தின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல்.

பிடித்துக்கொண்ட தப்பான சட்டம்

முதல் கடிதம் வந்ததுமே இவர் பதில் எழுதினார். 2021-ல் புளோரிடா சட்டமன்றம் எச்.பி. 403 என்ற மசோதாவை நிறைவேற்றியது, வீட்டிலிருந்து தொழில் செய்வதை யாரும் தடுக்க முடியாது, இதோ சட்டப்பிரிவு 559.955 என்று. அந்தச் சட்டம் நிஜமானது. 2021 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஊராட்சி, கவுண்டி நிர்வாகங்கள் வீட்டுத் தொழிலை மற்றத் தொழில்களிலிருந்து பிரித்து நசுக்கக்கூடாது என்கிறது. அந்த வீட்டில் வசிக்காத இரண்டு ஊழியர்கள் வரை அங்கே வந்து வேலை செய்யலாம் என்றுகூட இடம் கொடுக்கிறது.

ஆனால் அதே பிரிவின் கடைசியில், எச்.ஓ.ஏ. டிக்ளரேஷன்களை இந்தச் சட்டம் செல்லாததாக்காது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அரசாங்கத்தின் கையைத்தான் அது கட்டியது. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய தனியார் ஒப்பந்தத்தைத் தொடவில்லை. இணையத்தில் தொழில் ஆலோசனை சொல்கிறவர்கள் பாதிச் சட்டத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், மீதிப் பாதியைச் சங்கத்தின் வக்கீல் காட்டுகிறார்.

அது மட்டுமா, அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளையே இவர் முழுதாகப் பூர்த்தி செய்யவில்லை. தொழிலே இல்லாத ஒரு வீட்டில் வழக்கமாக எவ்வளவு வண்டி நிற்குமோ அதற்கு மேல் நிற்கக்கூடாது, தெருவிலிருந்து பார்த்தால் அது வீடாகத்தான் தெரிய வேண்டும், அரிக்கும் திரவங்கள், தீப்பற்றும் திரவங்களை வைப்பதிலும் கொட்டுவதிலும் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. தன் பக்கத்துச் சாட்சி என்று இவர் கூட்டி வந்த சட்டம், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

கைக்கு உதவியிருக்கக்கூடிய சட்டம் வேறொன்று. 2024-ல் வந்த எச்.பி. 1203. வேலை வண்டியை, அதன் மேல் கம்பெனி பெயரும் படமும் எழுதியிருந்தாலும் சரி, சொந்த டிரைவ்வேயில் நிறுத்துவதை எச்.ஓ.ஏ. தடுக்க முடியாது என்று அது சொல்கிறது. 26,001 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள வண்டிகள், மூன்று அச்சு லாரிகள் போன்ற பெரிய வணிக வாகனங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தொழிலின் பெயர் எழுதிய இவருடைய வேனை மறைத்து நிறுத்தச் சொல்லி முன்பு வந்திருந்த கடிதம் அதோடு செல்லாக் காசு. அது இவருக்குத் தெரியாது. வேனை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

தெருவில் நிற்கும் வாடிக்கையாளர் கார்கள் கதை வேறு. அரசு நிறுத்த அனுமதிக்கிற பொதுத் தெருவாக இருந்தால் சங்கத்துக்குப் பிடி குறைவு. இந்தக் குடியிருப்பிலோ கேட்டுக்கு உள்ளே தெருக்கள் சங்கத்தின் சொத்து. சில இடங்களில் கேட் இருந்தாலும் தெருவும் குளமும் சி.டி.டி. என்ற அரசு சார்ந்த தனி அமைப்பின் கையில் இருக்கும், அங்கே கணக்கே மாறும். வெஸ்லி சேப்பல் பக்கம் இது சகஜம். தெரு யாருடையது என்று கவுண்டியின் சொத்துப் பதிவில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் சண்டை போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

தண்ணீர் போகும் இடம்

மூன்றில் இதுதான் கனமான புகார். நோட்டீஸில் இதைக் கடைசியில் போட்டிருந்தார்கள். போர்டுக்கே இதன் கனம் தெரிந்திருந்ததா என்று சந்தேகம்.

புளோரிடாவின் புதுக் குடியிருப்புகளில் அங்கங்கே ஒரு குளம் இருக்கும். வீடு விற்கும்போது ஏரிக்காட்சி என்று அதற்கும் காசு வாங்குவார்கள். உண்மையில் அது மழைநீரைப் பிடித்து, மண்டியைத் தங்கவிட்டு, மெதுவாக வெளியேற்றுவதற்காகத் தோண்டியது. தெருவோரச் சாக்கடை வாயில் விழுவதெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே இந்தக் குளத்துக்குத்தான் போகிறது. குளத்துக்கு நீர் மேலாண்மை மாவட்டத்தின் அனுமதி ஒன்று உண்டு. இந்தப் பகுதிக்கு அது தென்மேற்கு புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டம். அந்த அனுமதியின்படி குளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு சங்கத்தின் மேல். பாசி படர்ந்தாலும் மீன் செத்து மிதந்தாலும் செலவு எல்லார் சந்தாவிலிருந்தும் போகும்.

1972-ன் சுத்த நீர்ச் சட்டத்தின் கீழ் வந்த மழைநீர் விதிகளில், மழை அல்லாத தண்ணீர் வடிகாலில் விழுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊராட்சிகளுக்குக் கட்டளை இருக்கிறது. அதில் சில விலக்குகள். அவற்றில் ஒன்று, தனி மனிதர் தன் வீட்டில் தன் காரைக் கழுவுவது. ஞாயிற்றுக்கிழமை நான் என் காரை டிரைவ்வேயில் கழுவினால் அது விலக்குக்குள் வரும். அதே டிரைவ்வேயில், அதே சோப்பில், காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் காரைக் கழுவினால் வராது. "எல்லோரும்தான் கார் கழுவுகிறார்கள்" என்று இவர் கடிதத்தில் எழுதியிருந்த வாதம் இங்கே உடைகிறது. வீட்டுக்காரர் கழுவுவது சோப்பு மட்டும். டீட்டெய்லர் கழுவுவதில் சக்கரத்துக்கான அமிலம், எஞ்சின் எண்ணெய் நீக்கி, பிரேக்கிலிருந்து உதிரும் தாமிரத் தூள் எல்லாம் சேரும். அளவும் சாதாரணமில்லை. தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து கேலன் பக்கம் ஓடும்.

இவர் டிரைவ்வேயின் சரிவில், காரின் பின் சக்கரத்திலிருந்து தெரு வரை சாம்பல் நிறத்தில் ஒரு பாதை படிந்திருந்தது. நான் பார்த்தபோது கான்கிரீட்டில் அது தொட்டால் வழவழவென்று இருந்தது. நடைபாதையைக் கடந்து, சாக்கடை வாயின் இரும்புக் கம்பியில் பழுப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த வாயின் மேல் மீன் படம் போட்டு, இங்கே எதையும் கொட்டாதீர், குளத்துக்குப் போகிறது என்று தகடு பதித்திருக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இருந்தது. அலசாமல் கழுவும் முறை என்று டீட்டெய்லர்களிடையே நன்றாகப் பழகிய ஒன்று. இரண்டு கேலன் தண்ணீரில் ஓர் அவுன்ஸ் திரவம், அதாவது 256-க்கு 1. மைக்ரோஃபைபர் துணிகளை அதில் நனைத்து, பகுதி பகுதியாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. ஏழரை லிட்டர் தண்ணீரில் ஒரு கார் முடிந்துவிடும். தரையில் சொட்டுவதோடு சரி. சேறு அப்பிய வண்டிக்கு இது ஆகாது; மணல் இருந்தால் பெயின்ட்டைக் கீறிவிடும். நகரத்துக்குள் ஓடும் காருக்குத் தாராளமாகப் போதும். நோட்டீஸ் கையில் கிடைத்த வாரமே இவர் இதற்கு மாறிவிட்டார். வாங்கிய ரசீதையும், தேதி விழும் வீடியோ ஒன்றையும் வைத்துக்கொண்டார். யார் சொல்லிக்கொடுத்ததோ, இவருடைய தரப்பிலேயே நல்ல காரியம் அதுதான்.

கமிட்டி முன்

புளோரிடா எச்.ஓ.ஏ. சட்டத்தின் 720.305 பிரிவில் நடைமுறை தெளிவாக இருக்கிறது. அபராதத்துக்கு முன் குறைந்தது 14 நாள் நோட்டீஸ். விசாரிக்கிற கமிட்டியில் குறைந்தது மூன்று பேர். போர்டில் இருக்கிறவர்களோ அலுவலர்களோ ஊழியர்களோ அவர்களுடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர்களோ அதில் இருக்கக்கூடாது. கமிட்டியால் அபராதத்தை உறுதி செய்யலாம் அல்லது நிராகரிக்கலாம். அதோடு அதன் வேலை முடிந்தது. பாவம் பாதியாகக் குறைத்துவிடுவோம் என்றெல்லாம் செய்ய முடியாது. ஒரு மீறலுக்கு 100 டாலர் வரை. தொடர்ந்து நடக்கும் மீறலுக்கு நாள்கணக்கில் ஏறலாம் என்றாலும், சங்கத்தின் ஆவணங்கள் வேறு மாதிரி சொல்லாதவரை மொத்தம் 1,000 டாலரைத் தாண்டாது. 1,000-க்குக் குறைந்த அபராதத்துக்காக வீட்டின் மேல் கடன் உரிமை (லியன்) பதிய முடியாது.

இதைப் படித்துவிட்டு, 100 டாலர்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆபத்து அபராதத்தில் இல்லை. சங்கம் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போனால், தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம் என்பது ஒரு ஆறுதல், ஆனால் அதற்கும் காசு.

விசாரணை கிளப் ஹவுஸில், ஏ.சி. குளிரில், பிளாஸ்டிக் மேசையைச் சுற்றி. தெரு நிறுத்தத்துக்குச் சாட்சியாக மேனேஜ்மென்ட் கம்பெனி ஒரு படத்தைக் காட்டியது. இவர் வீட்டு முன் மூன்று வண்டிகள். நடுவில் நின்ற வெள்ளை எஸ்.யு.வி. எதிர்வீட்டுக்கு வந்த விருந்தாளியுடையது என்று எதிர்வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருந்தார். கடைசியில் நின்றது இவர் மனைவியின் கார். மிச்சம் ஒன்று வாடிக்கையாளருடையதாக இருக்கலாம், ஆனால் அது யாருடையது என்று காட்டச் சங்கத்திடம் எதுவும் இல்லை. அந்த அபராதம் நிராகரிக்கப்பட்டது.

தண்ணீர்ப் புகாரில் போர்டு தரப்பு நிதானமாக வந்திருந்தது; வடிகாலின் படங்கள், தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் 2024-ல் சேர்த்த ஒரு வரி குறுக்கே நின்றது. விசாரணைக்கு முன்பே மீறல் சரிசெய்யப்பட்டுவிட்டால் அபராதம் விதிக்கக்கூடாது. ரசீது, வீடியோ. முடிந்தது. மூன்றில் மிக மோசமான மீறல் காசு கட்டாமல் போயிற்று என்று என்னோடு உட்கார்ந்த ஒருவருக்குக் கோபம். எனக்கு இல்லை. குளத்துக்கு நுரை போவது நின்றது. சங்கத்துக்கு வேண்டியது அதுதானே.

மிச்சம், தொழில் நடத்துவது. இங்கே இவரைக் கவிழ்த்தது இவருடைய நல்ல பெயர்தான். கூகுள் மேப்பில் இவர் தொழிலின் குறி, வீட்டுக் கூரையின் மேலேயே குத்தி நின்றது. கீழே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள். காலையில் அவர் வீட்டில் விட்டேன், மாலையில் எடுத்தேன், கேட் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுகிறார் என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். வாடிக்கையாளர் வருகைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேட் எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்தது மேசையைச் சுற்றி இருந்த முகங்களை மாற்றியதையும் நான் பார்த்தேன். வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் செய்யும் தொழில் என்று பதிந்து முகவரியை மறைத்துவைக்க மேப்பிலேயே வசதி இருக்கிறது. செய்திருக்கவில்லை. அபராதம் இரண்டுக்கு ஒன்று என்று உறுதியானது. எழுத்து மூல முடிவு, சட்டம் சொல்லும் ஏழு நாளுக்குள் போனது. 100 டாலரைக் கட்டிவிட்டார்.

வெளியே வரும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். தொழிலாவது தண்ணீராவது, தனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாக்குவம் ஓடுவதுதான் தாங்கவில்லை என்று. நோட்டீஸில் அது ஒரு வரிகூட இல்லை. கதவைத் தட்டி ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லியிருந்தால் இவர் கேட்டிருப்பார். அதற்குப் பதில் மேனேஜ்மென்ட் கம்பெனியின் இணையப் படிவத்தில் "வணிக நடவடிக்கை" என்ற கட்டத்தில் டிக் அடித்தாராம். படிவத்தில் சத்தத்துக்குக் கட்டம் இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் மாற்றியது

கழுவல், உள்பக்கச் சுத்தம் எல்லாம் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விட்டது. புல் வெட்டுகிறவரும் நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவரும் வருகிற மாதிரி டீட்டெய்லரும் வருகிறார், அதை யாரும் தொழில் நடத்துவதாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் விதி மட்டும் அங்கேயும் துரத்தும், ஏனென்றால் காசு வாங்கிக் கழுவுவது யார் டிரைவ்வேயில் நடந்தாலும் விலக்குக்குள் வராது. அலசாத முறையில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மிஞ்சுகிற அழுக்குத் தண்ணீர் வாளியோடு திரும்பி, வீட்டின் உள் சாக்கடையில் போகிறது. சுமையும் மிச்சம். 50 கேலன் தொட்டியை வேனில் ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 400 பவுண்டுக்கு மேல்.

கராஜில் கோட்டிங் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு கார். வாடிக்கையாளர் வருவதில்லை, இவரே போய் எடுத்து வந்து, முடித்துக் கொண்டுபோய் விடுகிறார். இரும்பு நீக்கும் வேலை முன்னதாக வாடிக்கையாளர் வீட்டிலேயே முடிந்துவிடுவதால் அந்த முட்டை வாடை இப்போது யாருக்கோ வேறொரு தெருவில். கராஜுக்கு ஒரு சிறிய ஏ.சி. போட்டார், கதவு மூடியே இருக்கிறது. இந்த ஏற்பாட்டை எழுதி போர்டுக்கு அனுப்பி, ஆட்சேபம் இல்லை என்று பதிலும் வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பதில் டிக்ளரேஷனைத் திருத்தாது. அடுத்த போர்டு வேறு மாதிரி நினைக்கலாம். ஆனாலும் நாளைக்கு வழக்கு என்று வந்தால், நீங்களே சம்மதித்தீர்களே என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

அடுத்தவர் காரைத் தானே ஓட்டி வந்து தன் கராஜில் இரவு வைப்பதில் காப்பீட்டுச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. சங்க விதியைவிட இது என்னைப் பயமுறுத்துகிறது. வழக்கமான வீட்டுக் காப்பீடு தொழிலால் வரும் பொறுப்பை ஏற்காது. வீட்டில் இருக்கும் தொழில் கருவிகளுக்கே பொதுவாக 2,500 டாலர் என்று உச்சவரம்பு. சரி, தனியாகத் தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்தாகிவிட்டதே என்றால், அதிலும் உங்கள் கைவசம் இருக்கும் அடுத்தவர் பொருளுக்கு விலக்கு எழுதியிருக்கும். கராஜில் தீப்பிடித்தால், சூறாவளியில் கூரை விழுந்தால், 60,000 டாலர் கார் யார் தலையில்? அதற்கென்றே கராஜ்கீப்பர்ஸ் என்று ஒரு பாலிசி உண்டு. ஓட்டிக்கொண்டு வரும் வழியில் இடித்தால் அதற்கு வேறு பாதுகாப்பு வேண்டும். பாலிஷரை ஒரே இடத்தில் அழுத்தி, மனித முடியைவிட மெல்லிய அந்த மேல்பூச்சைச் சுட்டுவிட்டால் அது பெரும்பாலும் எதிலும் அடங்காது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதுவரை எந்த பாலிசியும் இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறார். இப்போது கட்டுகிறார், கோட்டிங் விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு.

வருமானம் முதலில் விழுந்தது. ஓட்டத்தில் நேரம் போகிறது, மத்தியான மழையில் பதிவுகள் ரத்தாகின்றன. ஆனால் வேன் இப்போது பெயரோடு சொந்த டிரைவ்வேயில் நிற்கிறது. அதைப் பார்த்தே குடியிருப்புக்குள் பலர் கூப்பிடுகிறார்கள். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கார்களுக்கும் கோட்டிங் செய்துகொண்டார். காலை ஒன்பதுக்கு மேல்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

முன்கூட்டியே நேரம் பேசிக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் வரலாம் என்று டிக்ளரேஷனையே திருத்தச் சிலர் ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். பாட்டு வகுப்பு எடுக்கும் அம்மாள்தான் அதில் முன்னணி, அவர் வீட்டுக்கும் பிள்ளைகள் வந்து போகிறார்கள் அல்லவா. ஆவணம் வேறு எண்ணிக்கை சொல்லாவிட்டால் திருத்தத்துக்கு மொத்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது சட்டம். எதிர்ப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள்தான் பாதிகூட இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் மறுபடி வைப்பார்கள். இவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. நெடுஞ்சாலை 54 பக்கம், கதவை மேலே சுருட்டி ஏற்றும் சின்னக் கிடங்குகள் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு டீட்டெய்லர்கள் சேர்ந்து ஒன்றை எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தரைச் சாக்கடை எதில் போய்ச் சேருகிறது என்று குத்தகைக்கு முன் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.